மாத்திரை தொடாத கை

பிப்ரவரி 4

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யார் யாரென்று முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் "நான் பார்க்கவில்லை" என்று சொல்லித் தப்பக்கூடாது. உன் அண்ணன். உன் அண்ணி. அவர்கள் மகள், என் பேத்தி, வழக்கம்போல் கையில் போனோடு. மாவு மில்காரர், கூட்டம் முடியும்வரை தும்மிக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மா, ஈரக் கையோடு கதவோரம். வாடிக்கையாளர்கள் இருபத்தாறு பேர். நாற்காலி இருபது, ஆறு பேர் நின்றார்கள். நடுவில் நான். போன ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை மணி.

அண்ணனின் தானியக் கடைக்கு அன்று ஒரு வருஷம் நிறைந்தது. தவிடு போகாத அரிசி, முழுக்கோதுமை, கம்பு, பயறு, எள். தீட்டினது, வெளுத்தது எதுவும் உள்ளே வராது. நல்ல கடைதான். குறை சொல்ல மாட்டேன். உன் அண்ணன் இந்தச் சாப்பாட்டுக்கு மாறினபோது அவனுக்குச் சர்க்கரை முந்நூறு. இன்றைக்கு நூற்றுப்பத்து. டாக்டரே பார்த்து அவன் மருந்தை நிறுத்தினார். எனக்கும் வயிறு ஒழுங்காகப் போகிறது. அதெல்லாம் நிஜம்.

அவன் பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "எங்க அம்மாவப் பாருங்க, எழுபத்தெட்டு வயசு. அம்மா, நீயே சொல்லு, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை?"

ரத்த அழுத்தத்துக்குக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து உன் அண்ணி உதட்டைக் கோணினாள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், அவள் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில், "எங்க அத்தை நடமாடுற மருந்துக்கடை" என்று சொல்லிச் சிரித்தபோதும் இதே உதடுதான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஒண்ணுகூட இல்ல" என்றேன்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மறுநாள் காலை என் மாத்திரை டப்பாவைக் காணோம். அண்ணனைக் கேட்டேன். "நீயே சொன்னியேம்மா, எல்லார் முன்னாடியும். உன் உடம்பு சொல்லாம உன் வாயில அது வந்திருக்குமா? எனக்குச் சரியாச்சு, உனக்கு ஆகாதா?" என்றான். பிள்ளை கண் கலங்கி நிற்கிறான். அவனிடம் என்ன பேச?

போனில் சொல்லலாமென்றால் அண்ணி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்காருகிறாள். அதனால்தான் காகிதம். பாத்திரக்கார அம்மா தபாலில் போடுவாள். அவள் விலாசத்துக்கே பதில் எழுது. மாத்திரை அனுப்பு.

இப்படிக்கு
உன் அம்மா

---

பிப்ரவரி 19

என் அன்பான அம்மாவுக்கு,

மகள் எழுதிக்கொண்டது. உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், அப்புறம் பயந்தேன். இந்த வயதில் என்ன ரோஷம் அம்மா?

இப்போதைக்குப் பதினைந்து நாளைக்கு முப்பது மாத்திரை வைத்திருக்கிறேன். சாப்பிட்டபின் போடுங்கள், ஒரு நாளும் விடாதீர்கள். முழுத்தானியம் நல்லதுதான். எங்கள் வார்டிலும் அதைத்தான் சாப்பிடச் சொல்கிறோம். உப்பைக் குறைத்து, தவிட்டோடு தின்றால் அழுத்தம் கொஞ்சம் இறங்கும். ஆனால் உங்கள் வயதில் மருந்துக்குத் துணையாகத்தான் அது நிற்கும், மருந்தின் இடத்தில் நிற்காது. பாதியில் நிறுத்தினால் ஒரேயடியாக ஏறும். பிடரி கனத்தாலோ, கை மரத்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். அண்ணனிடம் நான் பேசுகிறேன்.

இங்கே எனக்கு வேலை முதுகை ஒடிக்கிறது. இருபத்திரண்டு படுக்கைக்கு நாங்கள் இரண்டே நர்ஸ். அண்ணி ஒரு பெட்டி தானியம் அனுப்பியிருந்தாள். உடன் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்தேன். பாக்கெட்டில் அச்சடித்திருக்கிற உங்கள் படத்தைப் பார்த்து, "உன் அம்மாவா? எவ்வளவு தெம்பு!" என்கிறார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

உங்கள் மகள்

---

மார்ச் 8

அன்பு மகளுக்கு,

மாத்திரை வந்தது. பாத்திரக்கார அம்மா துடைப்பத்துக்குள் செருகிக் கொண்டுவந்தாள். கட்டிலுக்கடியில் பழைய செருப்புக்குள் வைத்திருக்கிறேன். திருடி மாதிரி குனிந்து எடுக்கிறேன். குனிந்தால் தலை சுற்றுகிறது, எடுக்காவிட்டாலும் சுற்றுகிறது.

பாக்கெட் படத்தின் கீழே என்ன போட்டிருக்கிறார்கள் என்று நீ எழுதவில்லை. மூன்றாம் வகுப்பு படித்த நானே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். "மாத்திரை தொடாத கை." பேத்தி யோசித்த வாசகம். "நல்லாருக்கா பாட்டி?" என்று வேறு கேட்டாள்.

இப்போது காலை பத்திலிருந்து ஒரு மணிவரை கடைக் கண்ணாடிக்குப் பின்னால் எனக்கு ஒரு நாற்காலி. வருகிறவர்கள் என் கையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். நேற்று ஒருவர், "பல்லெல்லாம் சொந்தமாம்மா?" என்றார். "பின்ன, கடன் வாங்கினதா?" என்றேன். சிரித்தார்கள். மேல்வரிசை முழுக்கக் கட்டினது. அதை வைத்துக்கொண்டு வறுத்த தானியத்தை அவர்கள் எதிரில் கடித்துக் காட்டுகிறேன். ஈறு புண்.

அண்ணன் எல்லாரிடமும், "எங்க பரம்பரை ரகசியம்" என்கிறான். என்ன ரகசியம்? என் அம்மா தவிட்டோடு பொங்கிப் போட்டாள் என்றால், வீட்டில் சல்லடை இல்லை. அடுத்த வீட்டில் இரவல் கேட்க அவளுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

டாக்டரின் பலகை எனக்கு நேர் எதிரில், நாற்பது அடி. ஆனால் இந்தத் தெருவில் என் முகம் தெரியாதவர் இல்லை. அந்தப் படியில் நான் கால் வைத்தால் கடைக்கு அன்றே பூட்டுத்தான், பிள்ளை பிழைப்பு போய்விடும். அந்த எண்ணத்தில்தான் கட்டுண்டு கிடக்கிறேன்.

அதனால் அண்ணனிடம் நீ பேசாதே. மாத்திரை யார் கொண்டுவந்தது என்று தோண்டினால் பாத்திரக்கார அம்மா வேலை போகும். ஒன்று செய். என்னை இரண்டு மாதம் உன்னோடு வைத்துக்கொள். அந்தச் சின்ன அறை போதும் எனக்கு. மகளைப் பார்க்கப் போனாள் என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

நேற்று இடது கையிலிருந்து ஸ்பூன் நழுவி விழுந்தது. இரண்டு தடவை.

உன் அம்மா

---

மார்ச் 27

அன்புள்ள அம்மாவுக்கு,

கோபப்படாதீர்கள். அண்ணனிடம் பேசிவிட்டேன். எத்தனை நாள் மனதுக்குள் வைத்துக்கொள்வது? அவன் சண்டை போடவில்லை. மறுநாளே அண்ணியை அளக்கச் சொல்லிப் படம் அனுப்பினான். கையில் பட்டை சுற்றியிருக்கிறது, கருவியில் எண் தெளிவாகத் தெரிகிறது. நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு. அம்மா, பதினாறு வயதுப் பிள்ளைக்கு இருக்கிற அளவு அது! இரண்டு வாரமாக எல்லாப் படமும் அப்படித்தான். உணவு உங்களுக்கு ஒத்துப்போய்விட்டது போலிருக்கிறது. இந்த அளவுக்கு மேல் மருந்து போட்டால் மயக்கம்தான் வரும். இனி அனுப்பவில்லை.

ஸ்பூன் யார் கையிலும் நழுவும்.

இன்னொரு சேதி. ஆஸ்பத்திரி வேலையைப் பாதி நேரமாகக் குறைத்துவிட்டேன். இங்கே தானியம் விற்கிற பொறுப்பை அண்ணன் எனக்கே கொடுத்திருக்கிறான். முதுகுவலி இல்லாமல் தூங்கி எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா உங்களுக்கு? அந்தச் சின்ன அறையில் இப்போது பெட்டிகளை அடுக்கியிருக்கிறோம். கதவைத் திறந்தால் ஒருக்களித்துத்தான் உள்ளே போகவேண்டும். அதனால் இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்ப்போம்.

ஒரு சின்ன உதவி. இங்கே போகிற பாக்கெட்டில் போட உங்கள் கையெழுத்தில் இரண்டு வரி வேண்டும். "நான் மாத்திரை சாப்பிடுவதில்லை" என்று எழுதினால் போதும்.

உங்கள் மகள்

---

ஏப்ரல் 14

மகளுக்கு,

பாத்திரக்கார அம்மாவை நிறுத்திவிட்டார்கள். ஒன்பது வருஷம் வந்தவள். பேசாதே என்றேன், பேசினாய். இந்தக் கடிதத்தைப் பேத்தி போடுகிறாள். ஏன் என்று கடைசியில் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை கடைக்கு ஒரு அம்மா வந்தாள். என் வயசு இருக்கும், வலது காலை இழுத்து நடந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களப் பாத்துத்தாங்க நானும் நிறுத்தினேன். இருதய மாத்திரை, எல்லாத்தையும். பத்து நாளாச்சு. மூச்சுதான் கொஞ்சம் வாங்குது. போகப் போகச் சரியாயிரும், இல்லீங்களா?"

அவள் நெற்றியெல்லாம் வியர்வை. எழுந்து நின்றுவிட்டேன்.

"நான் சொன்னது பொய். நான் மாத்திரை சாப்பிடுறவ. தானியம் தின்னு, நல்லாத் தின்னு, மாத்திரையையும் போடு. இப்பவே எதிர்ல டாக்டர்கிட்டப் போ" என்று கத்தினேன்.

கடையில் ஒன்பது பேர். உன் அண்ணி வந்து என் தோளில் கை போட்டாள். குரலில் தேன். "மன்னிச்சுக்கோங்க. அத்தைக்குக் கொஞ்ச நாளா ஞாபகம் தடுமாறுது. வயசாச்சுல்ல?" எல்லாரும் ஐயோ பாவம் என்று என்னைப் பார்த்தார்கள். மில்காரர்கூட.

எனக்கா ஞாபகம் தடுமாறுகிறது! உனக்கு முதல் பல் விழுந்த கிழமை வரைக்கும் சொல்லுவேன். ஆனால் யாரிடம் சொல்ல? நாற்காலியை எடுத்துவிட்டார்கள். மாடி அறையில் இருக்கிறேன். ஓய்வாம். வெளியே தாழ்ப்பாள், நான் படியில் விழுந்துவிடக் கூடாதாம். நிஜத்தைச் சொன்னாலும் கிழவிக்கு மறதி என்பார்கள், வாயை மூடினால் அவர்கள் சொன்னது நிஜமாகிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

நேற்றுப் பேத்தி வந்து என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். "பாட்டி, அந்தப் படத்துல இருக்கிறது என் கை. உங்களுக்கு அளந்தா நூத்தித் தொண்ணூறு காட்டுச்சு. மிஷின் கெட்டுப்போச்சு, நீ கை நீட்டுன்னு அம்மா சொன்னாங்க. அப்பாவுக்குத் தெரியாது." அதுதான் அவள் தபாலில் போடும் காரணம்.

இனி உன்னால்தான் முடியும். நீ படித்தவள், நர்ஸ். "அம்மாவுக்கு நினைவு சரியாக இருக்கிறது, அவருக்கு மருந்து கட்டாயம் வேண்டும்" என்று அண்ணனுக்கு ஒரு வரி எழுது. நீ சொன்னால் நம்புவான். எனக்கு வேறு யாரும் இல்லை.

அம்மா

---

மே 3

அன்புள்ள அம்மாவுக்கு,

கடையில் நடந்ததை அண்ணி போனிலேயே சொன்னாள். மனசு கஷ்டமாக இருந்தது. வயதானால் எல்லாருக்கும் சில நேரம் இப்படிக் குழப்பம் வரும். வார்டில் தினமும் பார்க்கிறேன். பேத்தி சின்னப் பெண், ஏதோ உளறியிருப்பாள். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் நிலவரம் தெரியும், தூரத்தில் இருக்கிற நான் எழுதி என்ன ஆகப் போகிறது? வீணாகக் குடும்பத்துக்குள் விரிசல் வேண்டாம். நன்றாக ஓய்வெடுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அந்த இரண்டு வரியை மறக்காமல் அனுப்புங்கள். அச்சகத்தில் காத்திருக்கிறார்கள்.

உங்கள் அன்பு மகள்

---

ஜூன் 11

நர்ஸ் அம்மாவுக்கு,

மே மாதம் ஒன்பதாம் தேதி, காலை ஏழேகால். கட்டின பல்லை எடுக்கக் கை நீட்டினேன், கை வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. உன் அண்ணன்தான் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினான். கடை திறக்கிற நேரம், வாசலில் ஆள் நின்றிருந்தது. ஒருவரையும் பார்க்காமல் தெருவில் ஓடினான். ஆஸ்பத்திரியில் இருநூற்றுப் பத்து என்றார்கள். பேத்தி அங்கேயே அப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டதை அந்த வராந்தாவே பார்த்தது.

இப்போது அவனே இரண்டு வேளையும் என் வாயில் மாத்திரை போடுகிறான். இங்கே பாக்கெட்டில் என் படம் இல்லை. எடுத்துவிட்டான். அப்படியும் தானியம் விற்கத்தான் செய்கிறது. கால் இழுக்கிற அம்மா அன்றைக்கே டாக்டரிடம் போனாளாம். என்னைப் பார்க்க வந்திருந்தாள். மூச்சு வாங்கவில்லை.

இடது கை மடியில் யாரோ மறந்து வைத்த சாமான் மாதிரி கிடக்கிறது. வலது கையால் எழுதுகிறேன். காகிதம் நகராமல் பேத்தி பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

உன் அண்ணன் நம்பினான், அதனால் செய்தான். அவனை அன்றே மன்னித்துவிட்டேன். பேத்தி குழந்தை. உன் அண்ணி மேல் இருக்கிற கோபம் பழைய கோபம், அதோடு குடித்தனம் பண்ணிப் பழகிவிட்டேன். அது மன்னிக்கிற, மன்னிக்காத கணக்கிலேயே வராது. ரோஷத்தில் பொய் சொன்ன என் வாய்க்கு, கோணிக்கொண்டதே போதும்.

எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆனபோது, நவம்பர் ஆறிலிருந்து இருபதுவரை, நீதான் என்னைக் குளிப்பாட்டினாய். முழங்கையில் கொதி எண்ணெய் பட்ட தழும்புக்குச் சோப்பு எரியுமென்று சுற்றித் தேய்ப்பாய். அந்தக் கையை உனக்குத் தெரியும். அண்ணன் அனுப்பிய படத்தை இப்போது நானும் பார்த்தேன், வழவழவென்று ஒரு சின்னப் பெண்ணின் கை. அண்ணன் கடைக்காரன், எண்ணைப் பார்த்தான். நீ நர்ஸ், முதலில் கையைத்தான் பார்த்திருப்பாய். பார்த்துவிட்டுத்தான் எனக்குப் பதினாறு வயது என்று எழுதினாய்.

நீ கேட்ட இரண்டு வரியை எழுதவில்லை. அங்கே என் படத்தை விற்கிறவள் நீ ஒருத்திதான் இப்போது. இந்த வீட்டுக்கு இனி எழுதாதே. வந்தால் பேத்தி பிரிக்காமல் திருப்பி அனுப்புவாள்.

மறதி எனக்கு வரவில்லை, வரவும் வராது. சாகிறவரை நான் மன்னிக்காத ஆள் உலகத்தில் ஒருத்திதான். என் மகள்.