ஏறச் சொன்னாயே மாப்ள

அன்புள்ள மாப்ள சூசைக்கு,

அங்கேயும் கால்பந்து உண்டா? இருந்தால் இந்நேரம் யாரையாவது ஓரத்துக்குப் போகச் சொல்லி உயிரை வாங்கிக்கொண்டிருப்பாய். இங்கே எல்லோரும் சுகம். உன் வீட்டுக்காரி மேரி மறுபடி மில்லுக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வீரசோழன் ஊர் அணியோடு ஆடினோம். முடிவைக் கடைசியில் சொல்கிறேன், பொறு.

நம் கண்மாய் மைதானம் உனக்குத் தெரியாததா? இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ஓரத்துக்குப் போன பந்து காற்றோடு திரும்பி வந்ததே இல்லை. அதனால் எல்லோரும் நடுவிலேயே முட்டி மோதிப் பழகிவிட்டோம். அருப்புக்கோட்டையில் அவ்வளவு அகலமான மைதானத்துக்கு ஆடப் போயும், பட்டியில் அடைத்த ஆடு மாதிரி நடுவில்தான் நின்றோம். நீ கத்தினாய்: "ஏலே, இங்க முள்ளு இல்லலே! தள்ளி நில்லுங்க!" மைதானமே சிரித்தது. எனக்கு உன்மேல் அப்படி ஒரு கோபம்.

அன்றிலிருந்து உனக்கு ஒரே பாட்டுத்தான். முன்னால் மூன்று பேர். அதில் ஓரத்தில் ஆடும் இரண்டு விங்கும் கோட்டை ஒட்டி நிற்க வேண்டும். அவர்களைப் பிடிக்க எதிராளியின் ஓரத்துக் காவல்காரன், அந்தச் சைடு பேக், வெளியே வந்தாக வேண்டும். வந்தால் அவனுக்கும் நடு பேக்குக்கும் இடையில் சந்து விழும். அந்தச் சந்தில் நம் சைடு பேக் ஓடி ஏற வேண்டும். பின்னால் காவலுக்கு நடு ஆட்டக்காரன் ஒருவன். எல்லாம் சரி மாப்ள, அந்த ஒருவன் போதுமா? நான் விட்டுவந்த இடத்தை யார் பார்ப்பது? ரைட் பேக்காக நின்றவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். நீ பதில் சொல்வதற்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன் முதல் வருஷ நினைவுத் திருப்பலி முடிந்த கையோடு எல்லோரும் அரிவாளோடு கண்மாயில் இறங்கினோம். இரண்டு ஓரமும் முள் வெட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, உன் ஆட்டத்தைப் பழகினோம். ஆனாலும் நம் கோல்கீப்பர் முருகன் கறாராகச் சொல்லிவிட்டான்: "வீரசோழங்கிட்ட இதுவரைக்கும் ஜெயிச்சதில்ல. இந்த ஒரு ஆட்டந்தான். தோத்தா, சூசை ஆட்டத்த மூட்ட கட்டிருவோம்." அதையும் மூட்டை கட்டிவிட்டால் உன்னுடையது என்று எங்களிடம் என்ன இருக்கிறது?

ரைட் விங்கில் ஷேர் ஆட்டோ பாண்டி. "பூட்சுல சுண்ணாம்பு ஒட்டலைன்னா நீ விங்கே இல்லலே" என்று அவனைப் பாடாய்ப் படுத்துவாயே, இடைவேளையில் பார்த்தேன், அவன் பூட்ஸ் வெள்ளை வெளேர் என்றிருந்தது. ஆனால் அதற்குள் ஒரு கோல் வாங்கியிருந்தோம். நம் இடது பேக் ஏறிப் போனான், அவன் விட்டுப்போன இடத்தில் புகுந்து அடித்தார்கள். நான் சொன்னேனா இல்லையா? இடைவேளைக்குப் பிறகு நம் நடு பார்வர்டு செல்வம் ஒன்று போட்டுச் சமன் செய்தான்.

ஆட்டம் முடிகிற நேரம். பாண்டி கோட்டோரமாகப் பந்தோடு நின்றான். அவர்கள் சைடு பேக் அவனைப் பிடிக்கப் போனான். நீ சொன்ன சந்து என் கண்ணெதிரே திறந்து கிடந்தது. நான் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: "ஏறுங்கண்ணே! ஏறுங்க!"

நம் மேரிதான். நீ டிவி முன்னால் உட்கார்ந்து கத்தியதையெல்லாம் அடுப்படியில் இருந்தபடியே பாடம் பண்ணியிருக்கிறாள்.

ஏறினேன் மாப்ள. பாண்டி பந்தைச் சந்துக்குள் தள்ளினான், நான் குறுக்கே தட்டினேன், செல்வம் உள்ளே போட்டான். ஜெயித்துவிட்டோம். வீரசோழன் கேப்டன் வந்து என் கையைப் பிடித்து, "நீங்க அங்க வருவீங்கன்னு நாங்க நெனைக்கவே இல்லண்ணே" என்றார். நானும்தான் நினைக்கவில்லை.

"அவுக இருந்தா இன்னும் நாலு வசவு சேத்துல்ல கத்தியிருப்பாக" என்று மேரி சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கோல் விழுந்ததும் நான் திரும்பிப் பார்த்தேன். என் இடம் காலியாகத்தான் கிடந்தது. பயம் இன்னும் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஓரத்தில் முள் முளைக்க விடமாட்டோம். சந்து தெரிந்தால் இனி யாரும் கத்தாமலே ஏறுவேன்.

உன் மச்சான்,
ரைட் பேக் முனியசாமி