மசால் புள்ளியும் தாலயின் கால்கயிறும்

ஜூன் 9
புதுக் குதிரைமசால் இடுப்பு வரை வந்துவிட்டது. பக்கத்து வயலில் பழைய ரகம் முழங்காலைத் தாண்டவில்லை, சோம்பேறிப் பயல். விவசாயக் கல்லூரியில் படித்த மருமகள் (நான்தான்) சொன்னாள் என்று போன வருடம் பாதி நிலத்தில் புது ரகம் விதைத்தார் மாமா. பதினொரு குதிரைகளுக்கும் குளிர்காலம் முழுக்க இந்த இரண்டு வயல்தான் தீனி. இன்று அத்தைக்குக் கேட்கும்படி கொஞ்சம் அலட்டிக்கொண்டேன்.

ஜூன் 12
நாலாவது நாளாகத் தூறல். மத்தியானம் வரை இலை காயவில்லை.

ஜூன் 13
குனிந்து பார்த்திருக்கக் கூடாது. புது ரகத்தின் அடியிலை எல்லாம் பழுப்புப் புள்ளி, தொட்டால் உதிர்கிறது. பூஞ்சை. குளிர், ஈரம், காற்றுப் புகாத அடர்த்தி — அதற்கு விருந்து வைத்து அழைத்தது நான்தான். இது வறண்ட ஊருக்கென்று உருவாக்கிய ரகம், எங்கள் ஏரிக்கரை மழைக்கு அல்ல. விதைப் பையிலேயே போட்டிருந்தது. படிக்கவில்லையா? படித்தேன். உயரத்தை மட்டும் படித்தேன்.
பழைய சோம்பேறியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புள்ளி. திமிராக நிற்கிறது.

ஜூன் 14
இப்போதே அறுத்தால் மிச்ச இலையாவது தேறும் என்றேன். இலை போனால் வெறும் குச்சி. குச்சியைத் தின்று எந்தக் குதிரை சினை தாங்கும்?
அத்தை பிடித்துக்கொண்டார். "பூக்குறதுக்கு முந்தி எவளாவது மசால் அறுப்பாளா? பதினெட்டாந்தேதி பேரனுக்குக் கால்கயிறு வெட்டணும், மூணு ஊருக்குச் சொல்லியாச்சு. நீ புல்லைக் கட்டிக்கிட்டு அழு."
என் மகன் தாலய் நடக்கத் தொடங்கிவிட்டான். காலில் கயிறு கட்டி, பிள்ளைகள் ஓடி வந்து வெட்டிவிடாவிட்டால் ஆயுசுக்கும் தடுக்கி விழுவானாம்.
உலுக்பெக்கிடம் போனேன். "அம்மா சொல்றதும் சரி, நீ சொல்றதும் சரி." இந்த மனிதனைத்தான் நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

ஜூன் 15
மழை விட்டது. மாமா வயலுக்குப் போய் ஒரு செடியைப் பிடுங்கி வந்து அத்தையின் கையில் கொடுத்தார். அதில் உச்சியில் மட்டும் நாலு இலை. பிறகு டிராக்டரில் அறுப்புக் கத்தியை மாட்டினார். புது ரகம் முழுவதும் சாய்ந்தது. அத்தை என்னோடு பேசவில்லை. நிம்மதி என்று எழுத ஆசை, ஆனால் பொய்.

ஜூன் 18
காலையில் கைபேசி சொன்னது: சாயங்காலம் மழை. அறுத்த புல் அத்தனையும் காய்ந்து வயலிலேயே கிடக்கிறது. நனைந்தால் குச்சியும் மிஞ்சாது. மாமாவிடம் சொன்னேன்.
விருந்தாளிகள் அறுபது பேர் புதுச் சட்டையோடு வந்து இறங்கினார்கள். மாமா புல் வாரும் கவைக்கோலோடு வாசலில் நின்றார். "முதல்ல வயல். அப்புறம் கறி."
பக்கத்து வீட்டு அசான்பாய், "விருந்துக்குக் கூப்பிட்டு வேலை வாங்குற குடும்பத்தை இப்பத்தான்யா பாக்குறேன்" என்றார்.
"கறி வேக நேரமாகும். எந்தத் துண்டு வேணும்னு யோசிச்சுக்கிட்டே வாரு" என்றார் மாமா.
ஐந்து மணிக்குக் கடைசி வண்டி கொட்டகைக்குள் போனது. ஐந்தரைக்கு மழை. தாலயின் கயிற்றையும் கொட்டகையிலேயே வெட்டினோம். பயல் இரண்டு எட்டு வைத்துப் புல்லில் உட்கார்ந்துகொண்டான். நான் அழுதேன். எல்லாரும் மகனுக்காக என்று நினைத்தார்கள். பாதி அதற்காகத்தான்.

ஜனவரி 20
புது மசாலைக் குதிரைகள் முகம் சுளித்துத் தின்கின்றன, ஆனால் தின்கின்றன. பதினொன்றும் நிற்கின்றன. வசந்தத்தில் அந்த வயலிலும் பழைய ரகமே என்றார் மாமா. விதைக் கணக்கை நானே எழுதிக் கொடுத்தேன். எனக்கே ஆச்சரியம்.

பிப்ரவரி 11
கொழுந்தன் கல்யாணத்துக்கு நாள் பார்க்கப் பெண் வீட்டார் வந்திருந்தார்கள். ஜூன் நடுவில் வைக்கலாம் என்றார்கள்.
அத்தை தேநீர் ஊற்றிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார். "இருங்க. மூத்த மருமகளைக் கேட்டுட்டுச் சொல்றேன்."