தோளில் இருக்கும் கை

ஜூன் 9, திங்கள்

அண்ணன் எட்வர்டின் பட்டாளத்துப் படத்தை இன்று வெளியில் விட்டேன். எழுபத்தொன்று யுத்தத்துக்குப் போனவர்களின் படங்களைச் சேர்க்க அண்ணன் மகள் மெர்சி வாட்ஸ்அப்பில் குழு தொடங்கியிருக்கிறாள். ஆளைத் தெரிந்தவர்கள் அடையாளம் சொல்லலாமாம். எனக்குச் சந்தேகம்தான். இன்று படம் கேட்பவன் நாளைக்கு ஓடிபி கேட்பான். ஆனாலும் எங்கள் அண்ணன் இல்லாமல் அது என்ன குழு?

கீழே நானே எழுதினேன்: "தோளில் இருப்பது ஜெனரலின் கை. 'எட்வர்ட், நீ இல்லாவிட்டால் இந்த வெற்றி இல்லை' என்று சொன்னபோது எடுத்தது." ஜெனரல் ஆறரை அடி. படத்துக்குள் அடங்கவில்லை, கை மட்டும் விழுந்தது. பதினேழு பேர் கும்பிடு போட்டிருக்கிறார்கள்.

ஜூன் 11, புதன்

துளசிராமன் என்று ஒருவன் போன் செய்தான். செவ்வாப்பேட்டைப் பக்கம் நெல் பயிரிடுகிறவன்.

"ஐயா, அந்தக் கை எங்க நைனாவோடதுன்னு நெனைக்கிறோம். முழுப் படம் உங்ககிட்ட கீதா?"

ஜெனரலின் கையை அப்பன் கை என்கிறான்! அப்பா கோதண்டம் அந்த யுத்தத்திலேயே போய்விட்டாராம். வீட்டில் இருந்த ஒரே படமும் பதினைந்தாம் வருஷத்து வெள்ளத்தில் கூழாகிவிட்டதாம். அம்மா பூவம்மாளுக்கு எழுபத்திரண்டு வயது, ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டுமாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. நான் கேட்காத கதையா?

ஜூன் 12

ஏன் கேட்கிறான்? பட்டாளத்துக்காரன் வாரிசுக்கு சர்க்கார் நிலம் ஏதாவது கொடுக்கிறதா? அண்ணன் பேரில் பாதி மரியாதை வேண்டுமா? நம்பரை பிளாக் செய்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து மெர்சி நேரே வந்தாள். துளசிராமன் அவளுக்கு ஒரு கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான். கோதண்டம் வீட்டுக்கு எழுதிய, வெள்ளத்துக்குத் தப்பிய இன்லண்டு: "கும்மிடிப்பூண்டி எட்வர்டு தோளில் கை போட்டு போட்டோ பிடித்தேன். ஒரே காப்பி, அவனிடம் உள்ளது. லீவில் வரும்போது வாங்கி வருகிறேன்."

"இங்க்கு புதுசா கீது," என்றேன்.

"செல்லுல பாத்தே தெரிஞ்சிடுச்சா சித்தப்பா? சரி, இந்தப் படத்துல ஒரு ஓரம் மட்டும் இன்னாத்துக்கு கோணலா கீது?"

"மிலிட்டரி கேமரா அப்படித்தாம்மா."

அவள் சிரிக்கவில்லை. காப்பி குடிக்காமல் போய்விட்டாள்.

ஜூன் 16

இங்கேயாவது எழுதுகிறேன். நான்தான் வெட்டினேன்.

தொண்ணூற்றெட்டில் அண்ணன் இறந்தபோது கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஒற்றை ஆளாகப் படம் வேண்டும் என்றார்கள். ஸ்டுடியோக்காரன் கத்தரியை நானே பிடுங்கி— கையை எடுக்கப் போனால் அண்ணன் தோளும் போயிருக்கும், அதனால் கை தங்கிவிட்டது. மிச்சத்தைக் குப்பையில் போட்டேன். யாரோ ஒரு சிப்பாய்தானே? போஸ்டர் ஒட்டிய மறுநாள் ஒருவன் "யாரு கை?" என்றான். ஜெனரல் என்று வாயில் வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப விழுங்க முடியுமா?

அந்தப் படத்தில் அந்த முகத்தைக் கடைசியாகப் பார்த்தவன் நான். போயும் போயும் நான்.

ஜூன் 22, ஞாயிறு

மெர்சியோடு சென்ட்ரல் போய் வண்டி மாறி செவ்வாப்பேட்டை போனேன். வெட்டியதைச் சொன்னதும் துளசிராமன் எழுந்து வெளியே போய்விட்டான். பூவம்மாள் படத்தை வாங்கி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டறப்போ நீ மொகத்த பாத்த இல்ல தம்பி? எப்டி இருந்துச்சி?"

வாய் நிறைய வந்தது— முறுக்கு மீசை, நெஞ்சில் மெடல், சிங்கம் மாதிரி. அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீச இருந்துச்சா தெரியலக்கா. சிரிச்சிகினு இருந்தாரு. கண்ணு ரெண்டும் மூடிகினு இருந்துச்சி. படம் கெட்டுப்போச்சின்னு நெனச்சிதான் வெட்டிட்டேன்."

பூவம்மாள் படத்தில் இருந்த கையை விரலால் தடவினார்.

"வெயில்ல நின்னா கண்ண மூடிக்கும் அது. கல்யாணத்தன்னிக்கும் அப்டித்தான், தூங்கறாரான்னு கேட்டாங்க எல்லாரும்." பிறகு கேட்டார்: "வேற இன்னா பாத்த?"

"அவ்ளோதான்க்கா."

படத்தை அங்கேயே விட்டு வந்தேன். மெர்சி செல்லில் பிடித்துக்கொண்டாள். துளசிராமன் ஸ்டேஷன் வரை பைக்கில் கொண்டுவந்து விட்டான்.

ஜூலை 3, வியாழன்

மில்லில் என்னோடு வேலை செய்த சந்திரமோகன் டீக்கடையில், "ஜெனரல் மேட்டர எடுத்து வுடுண்ணே, பையன் ஒருத்தன் கேட்டதில்லயாம்" என்றான்.

அது கோதண்டத்தின் கை என்றேன்.

"அது யாருண்ணே?"

தெரிந்ததைச் சொன்னேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.