நாதாங்கிக்கு எந்த இடம்?

அண்ணாச்சி, நேற்று வண்டியைச் சுத்தம் செய்தபோது உங்கள் கையெழுத்து கிடைத்தது. மகள் லைசென்ஸ் எடுத்துவிட்டாள். பழைய வெள்ளைக் காரை அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு. சீட்டுக்கு அடியில் கிடந்த குப்பையெல்லாம் எடுத்து முடித்து, டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் வெயில் தடுப்பை இறக்கினேன். அதில் மாட்டியிருந்த துணிப் பையில், காலாவதியான பார்க்கிங் அட்டைக்குப் பின்னால், நான்காக மடித்த மஞ்சள் தாள் ஒன்று செருகியிருந்தது. மடிப்பின் ஓரத்தில் நீல மையில் தமிழ் எழுத்து. அந்தக் கோணல் எழுத்து உங்களுடையதுதான்.

நான் பிரிக்கவில்லை. பிரிக்காமலே எனக்கு அது என்ன என்று தெரியும். ஆறு வருடமாக நான் சந்தேகப்பட்ட தாள் அது.

அதைவிட, அது எப்படி அங்கே வந்தது என்பதுதான் முதலில் என்னைக் குடைந்தது. எழுதிய கையோடு நீங்கள் எடுத்துப்போயிருப்பீர்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்? பிறகு யாராவது கொண்டுவந்து செருகினார்களா? மனைவியைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டு அக்கா எப்போதாவது இந்தக் காரில் ஏறினார்களா என்று விசாரித்தேன். "உங்களுக்கு வேற வேலை இல்லீங்களா? மொதல்ல காரத் தொடைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நம் பழக்கமே சந்தேகத்தில்தான் ஆரம்பித்தது. லிவர்மோரில் உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நாலு தெரு. சான் ஹோசே ஆபீசுக்கு மலை ஏறி இறங்கி, டிராஃபிக் கருணை காட்டினால் ஒன்றேகால் மணி நேரம். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரமே, என் மேனேஜரான நீங்கள், இனிமேல் சேர்ந்தே போகலாமா, ஒரு வாரம் என் கார், ஒரு வாரம் உம்ம கார் என்று கேட்டீர்கள். மேனேஜர் எதற்கு வலிய வந்து கூப்பிடுகிறார்? மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் ஃப்ரீவேயில் போகும்போது பிடிபட்டது.

"கார்பூல் லேன்ல போறதுக்குத்தான என்னைக் கூப்புட்டீங்க அண்ணாச்சி?"

"பின்ன என்ன வே, உம்ம அழகுக்கா? ரெண்டு பேரு இருந்தாத்தான் அந்த லேன்ல விடுவான். பொம்மைய உக்கார வச்சா போலீஸ்காரன் பிடிப்பான். உம்ம வச்சா பிடிக்க மாட்டான். அவ்வளவுதான் வித்தியாசம்."

திருநெல்வேலிக்காரரின் கிண்டல் ஈரோட்டுக்காரனுக்குப் பழக ஒரு மாதம் ஆயிற்று. 

ஹாக்கிக்கும் நீங்கள்தான் இழுத்துப்போனீர்கள். ஆபீசில் கொடுத்த இரண்டு டிக்கெட்டை யாருமே எடுக்கவில்லை என்று வாங்கி வந்துவிட்டீர்கள். வெளியே சட்டையோடு நடக்கிற வெயில், உள்ளே பனித்தளத்தின் குளிர். நான் குரங்குக் குல்லா போட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் மூன்று ஆட்டத்தில், பந்துக்குப் பதிலாக அடிக்கிற அந்தக் கறுப்பு வில்லை எங்கே போகிறது என்று என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. தெரிந்த மாதிரி எழுந்து கத்தினேன். நீங்களும் அப்படித்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஆட்டத்தைவிட உங்களுக்குப் பிடித்தது ஆள் எடுக்கும் சடங்கு. வருடா வருடம் ஜூன் மாதத்தில் பதினெட்டு வயதுப் பையன்களை டீம்கள் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட்.

"நம்ம ஊரு இன்ஜினியரிங் கவுன்சலிங்க அப்படியே திருப்பிப் போட்டுப் பாரும். அங்க பையன் காலேஜத் தேடிப் போறான். இங்க காலேஜ் பையனத் தேடி வருது. போன வருசம் கடைசியா வந்த டீமுக்குத்தான் மொத சான்ஸு."

"அப்ப எல்லாரும் வேணும்னே தோப்பாங்களே அண்ணாச்சி."

"அதுக்குத்தான் வே சீட்டுக் குலுக்குதாங்க."

"யாரு குலுக்கறாங்க?"

நீங்கள் சிரித்த சிரிப்பில் கார் பக்கத்து லேனுக்குப் போய்விட்டுத் திரும்பியது. "உமக்கு எதுலதான் வே சந்தேகம் இல்ல?" என்றீர்கள். பெட்ரோல் பங்கில் மீட்டரைப் பார்ப்பதும், கோயில் பிரசாத டப்பாவைக் கையில் தூக்கிப் பார்ப்பதும் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சீட்டை யார் குலுக்குகிறார்கள் என்பதற்கு நீங்கள் கடைசிவரை பதில் சொல்லவில்லை.

நம் சான் ஹோசே டீம் தொடங்கிய நாளிலிருந்து டிராஃப்டில் எடுத்தவர்களில் தலைசிறந்த பத்துப் பேர் யார் என்பதுதான் மலைப்பாதையில் நம் பேச்சு. ஆட்டக்காரர்களின் பெயர் நம் வாயில் சரியாக வராததால் நீங்களே பெயர் வைத்தீர்கள். மூன்றாவதிலிருந்து பத்தாவதுவரை நமக்குள் பெரிய சண்டை இருந்ததில்லை. முதலிடம்தான் தகராறு.

என் ஆள் மாப்பிள்ளை. முதல் சுற்றிலேயே பெயர் கூப்பிட்டு, கோட்டும் சூட்டுமாக மேடையேற்றி, தொப்பி வைத்துக் கூட்டி வந்த பையன். வந்த வருடத்திலிருந்து கோல் மழைதான். உங்கள் ஆள் நாதாங்கி. கடைசிச் சுற்றில், மண்டபத்தில் பாதி நாற்காலி காலியான பிறகு கூப்பிட்ட பெயர். பையன் அங்கே வந்திருக்கவே இல்லை. வருடத்துக்கு ரெண்டு கோல் போட்டால் அதிகம். வருகிற வில்லைக்கு முன்னால் உடம்பைக் குறுக்கே போட்டுத் தடுப்பதுதான் அவன் வேலை.

"கதவத் தெறந்து போட்டுட்டுத் தூங்குவீரா வே? நாதாங்கி வேணும்லா?"

"கோல் போடாதவன் எப்படிங்க முதலிடம்?"

"மாப்பிள்ளய எல்லாருக்கும் தெரியும். அவன எடுக்கதுக்கு என்ன சாமர்த்தியம் வேணும்? நாதாங்கிய யாருக்கும் தெரியாது. ஆனா எவனோ ஒருத்தன் அவன் ஆடுததப் பாத்துருக்கான். பாத்துட்டுச் சும்மா இருக்கல. போன் மேல போன் போட்டு, இவன எடுங்க, இவன எடுங்கன்னு உசுர வாங்கிருக்கான். அந்தக் கடைசிச் சுத்துக்குப் பின்னால ஒரு ஆளு இருக்கான் வே."

"அப்ப சிபாரிசு கேஸுன்னு சொல்லுங்க."

எனக்கு அந்த வார்த்தையே ஆகாது. உங்களுக்கும் அது தெரியும். ரேங்க் வாங்கிப் படித்தேன், பரீட்சை எழுதி வேலைக்கு வந்தேன், ஒருத்தர் தயவிலும் ஒன்றும் வாங்கியதில்லை என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லியிருப்பேன். நீங்கள் ரேடியோவைத் திருகுவீர்கள்.

பிறகு அந்த வாரம் வந்தது. என் கார் முறை. திங்கட்கிழமையிலிருந்து நீங்கள் பேசவில்லை. ஆபீசில் ஆள் குறைக்கப்போகிறார்கள் என்று காற்றில் வந்துவிட்டது. நம் குழுவில் ஏழு பேர், இரண்டு பேரைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். எனக்குக் கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு வேலை, இல்லாவிட்டால் மகளைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு பெட்டி கட்ட வேண்டியதுதான். புதன்கிழமை காலை மலை ஏறும்போது நீங்கள் மடியில் மஞ்சள் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தீர்கள். எழுதினீர்கள், அடித்தீர்கள், மறுபடி எழுதினீர்கள்.

"என்னங்க எழுதறீங்க?"

"ஒண்ணும் இல்ல வே. ரோட்டப் பாத்து ஓட்டும்."

வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, இனி வேலை இல்லை என்று சாமானை அள்ளிப்போக ஒரு பெட்டியைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அன்றைக்கே உங்களுக்கு போன் செய்தேன். லீக்கில் புது டீம் சேரும்போது, பழைய டீம்கள் இந்த ஆட்களை விடமாட்டோம் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்கலாம். அதில் இல்லாதவனைப் புது டீம் தூக்கிக்கொள்ளலாம். இதையும் நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். "உங்க பட்டியல்ல என் பேரு இருந்துச்சா இல்லீங்களா, அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டேன். "அதெல்லாம் சொல்லக்கூடாது வே" என்றீர்கள். போனை வைத்துவிட்டேன். என் காரில், என் பக்கத்தில் உட்கார்ந்தே என் பேரை அடித்திருக்கிறார் இந்த மனுஷன் என்று அன்று பற்றிய கோபம் உங்கள் மரணம்வரை அணையவில்லை.

நாற்பதாவது நாள் ஒரு சின்ன கம்பெனியிலிருந்து அழைப்பு. இன்டர்வியூ எனக்கு ராசியில்லாத விஷயம். கேள்வி கேட்டால், இதை எதற்குக் கேட்கிறான் என்று யோசிப்பேன், அதற்குள் அவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அதற்கு முன்னால் மூன்று இடத்தில் அப்படித்தான் ஆயிற்று. இங்கே கென் என்ற நரைத்த மனிதர் என் விண்ணப்பத்தைத் தள்ளி வைத்துவிட்டு, நம் ஊர் ஹாக்கி டீம் டிராஃப்டில் எடுத்ததிலேயே தலைசிறந்த ஆள் யார் என்று கேட்டார். எனக்கு வாய் தானாகத் திறந்தது. கால் மணி நேரம் பேசினேன். அங்கிருந்து பேச்சு தானாக வேலைக்கு வந்தது. திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்.

அண்ணாச்சி, உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், அந்த ஒரு கேள்வியைச் சந்தேகப்படவில்லை. அமெரிக்காக்காரன் இப்படித்தான் ஜாலியாக எதையாவது கேட்பான் என்று இருந்துவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து லிவர்மோர் கோயில் வாசலில், செருப்பு வைக்கும் இடத்தில் நீங்கள் எதிரே வந்தீர்கள். ஒதுங்கப் பார்த்தேன், முடியவில்லை.

"வேலையெல்லாம் எப்படிப் போகுது வே?"

"நல்லாப் போகுதுங்க. யாரு தயவும் இல்லாம வாங்குன வேலை."

"அப்படித்தான் இருக்கணும்" என்றீர்கள். "இன்டர்வியூல என்ன கேட்டான்?"

எதற்குக் கேட்கிறார், குற்ற உணர்ச்சியா, உளவா என்று என் புத்தி போயிற்று. "வழக்கமான டெக்னிக்கல் கேள்விதானுங்க" என்றேன். "அப்படியா வே" என்று சொல்லிவிட்டு, குனிந்து செருப்பைத் தேடினீர்கள். உங்கள் செருப்பு உங்கள் கண் முன்னால்தான் கிடந்தது.

போன மாசியில் நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. மாரடைப்பு. பதின்மூன்றாம் நாள் உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஹாலில் கென் உட்கார்ந்திருந்தார், தட்டில் வடையோடு. என் இப்போதைய மேனேஜருக்கு இந்த வீட்டில் என்ன வேலை? பக்கத்தில் போய் அதைத்தான் கேட்டேன்.

நான் வராத ஆட்டங்களில், பல வருடமாக அரங்கில் அவருக்குப் பக்கத்து இருக்கை உங்களுடையதாம். இது உனக்குத் தெரியாதா என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். அந்த நாற்பது நாளும் நீங்கள் அவரை விடவில்லையாம். போன் மேல போன். அவர் ஒத்துக்கொண்ட பிறகும் விடாமல், இன்டர்வியூவில் நேரடியாக வேலையைப் பற்றிக் கேட்காதே, ஆள் மிரண்டுபோவார், முதலில் டிராஃப்டைக் கேள், பிறகு வாயை மூட முடியாது என்றீர்களாம். என் பதிலை அடுத்த ஆட்டத்தில் அவர் உங்களிடம் சொன்னபோது, இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னீர்களாம். கையிலிருந்த காபி முன் வரிசைக்காரர் முதுகில் கொட்டியதாம்.

ஆக, கோயில் வாசலில் என்னைக் கேட்டபோதே உங்களுக்கு எல்லாம் தெரியும். நான் சொன்ன பொய்யும் அந்த நிமிஷமே தெரிந்திருக்கும்.

சமையலறையில் அக்காவிடம் போய், வெட்கத்தை விட்டுக் கேட்டேன். ஆள் குறைத்தபோது என் பேரைக் கொடுத்தது அண்ணாச்சிதானா?

"ஆமா தம்பி, அவுகதான் குடுத்தாக" என்றார் அக்கா. "மத்தவங்கள வெளிய விட்டா ஒருத்தனும் எடுக்க மாட்டான், ஒருத்தரு பிள்ள ஆஸ்பத்திரில கெடக்கு, இன்சூரன்ஸ் போயிரும், ஈரோட்டாருக்கு நான் இடம் பாத்துருவேன்னாக. பாக்கத வரைக்கும் ஒரு வா சோறு ஒழுங்காத் திங்கல."

என் சந்தேகம் சரிதான், பாருங்கள். நீங்கள்தான் என்னை வெளியே விட்டீர்கள். சரியாகச் சந்தேகப்பட்டேன் என்பதில் எனக்குக் கிடைத்தது என்ன? ஐந்து வருடம் உங்கள் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதுதான். முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று உங்கள் மேலும் கோபம் வருகிறது. சொல்லியிருந்தால், சிபாரிசு வேலை வேண்டாம் என்று நான் பெட்டி கட்டியிருப்பேன். அதுவும் உங்களுக்குத் தெரியும்.

நேற்று வாக்குவம் கிளீனரை ஓரமாக வைத்துவிட்டு, நீங்கள் உட்காரும் அந்த சீட்டில் உட்கார்ந்தேன். வாங்கிய நாளிலிருந்து என் காரில் அந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை. தாளைப் பிரித்தேன். ஏழு பேர் இல்லை, இரண்டு பேர் இல்லை. ஒன்றிலிருந்து பத்துவரை எண் போட்டிருந்தது. முதலில் நாதாங்கி என்று எழுதி, அடித்து, பக்கத்தில் மாப்பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். நாதாங்கிக்கு இரண்டாமிடம்.

அத்தனை வருடம் விட்டுக்கொடுக்காதவர், அந்தப் புதன்கிழமை ஏன் விட்டுக்கொடுத்தீர்கள்? வெளியே அனுப்பப்போகிறவனுக்கு இதையாவது கொடுப்போம் என்றா? நான் என்றைக்காவது பார்ப்பேன் என்றுதான் அங்கே செருகினீர்களா, இல்லை மறந்துபோய் விட்டீர்களா? சந்தேகமாகத்தான் இருக்கிறது. இதைத் தீர்த்து வைக்க உங்களைவிட்டால் ஆள் இல்லை. தாள் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. காரைத்தான் மகளுக்குக் கொடுக்கிறேன், இதைக் கொடுப்பதாக இல்லை.

கோயில் வாசலில் ஒரு கேள்வி கேட்டீர்களே, அதற்கு என் வாயால் பதில் சொல்லிவிடுகிறேன். ஹாக்கி கேட்டாங்க அண்ணாச்சி. யாருக்கு முதலிடம்னு கேட்டாங்க. நாதாங்கிக்குன்னு சொன்னேனுங்க.