இருக்கைக்கு அடியில் ஒரு கட்டு

ஜனவரி 14, செவ்வாய்

காலையில் பஸ் கிளம்ப மறுத்தது. அது பழகிப்போனதுதான். கவலையெல்லாம் மாலைக் கூட்டத்தைப் பற்றித்தான். ஆகஸ்டில் தண்டவாளத்துக்கு அப்பால் புதுப் பள்ளி திறக்கிறது. எந்தத் தெருப் பிள்ளைகள் அங்கே, எந்தத் தெருப் பிள்ளைகள் பழைய மில் ஸ்ட்ரீட் பள்ளியில் என்று கோடு போட ஊரில் பன்னிரண்டு பேரைப் பிடித்திருக்கிறார்கள். பள்ளி பஸ் ஓட்டுநர்கள் சார்பில் நான்.

இரண்டு வரைபடங்கள். நீலத்தில் எங்கள் தெரு பழைய பள்ளியிலேயே இருக்கும், சைகமோர் என்கிற டிரெய்லர் வீட்டுக் குடியிருப்பின் பிள்ளைகள் புதுப் பள்ளிக்குப் போவார்கள். ஆரஞ்சில் அப்படியே தலைகீழ். பாரபட்சம் வரக்கூடாதென்று தெருப் பெயர்களை எடுத்துவிட்டு எண்கள் போட்டிருந்தார்கள். எங்கள் தெரு 27. கண்டுபிடிக்க எனக்கு அரை நிமிடம் ஆகவில்லை. மற்றவர்களும் அவரவர் தெருவைத்தான் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரி 17, வெள்ளி

"அம்மா, என்னை வேற ஸ்கூலுக்கு மாத்திடுவாங்களா?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான். நீதானே அந்தக் கமிட்டில இருக்க? நீ சொன்னா கேக்க மாட்டாங்களா?"

டெஸ்ஸா இரண்டு வருடம் பள்ளியில் யாரோடும் வாய் திறக்காத பிள்ளை. இப்போதுதான் ஒரு தோழி கிடைத்திருக்கிறாள். பாத்திரம் கழுவப் போனேன்.

ஜனவரி 22, புதன்

குழுத் தலைவர் கிரீர் நாற்பது நோட்டீஸ் கொடுத்தார். "முப்பதாம் தேதி பொதுக் கூட்டம், நோரீன். உங்க பஸ்ல வர்ற சைகமோர் பிள்ளைங்க கையில ஆளுக்கு ஒண்ணு குடுத்திடுங்க." நோட்டீஸ் கட்டை என் இருக்கைக்கு அடியில் வைத்தேன். நாளைக்குக் கொடுக்கலாம்.

ஜனவரி 27, திங்கள்

நாளைக்கு.

ஜனவரி 30, வியாழன்

பள்ளி ஜிம்மில் கூட்டம். ஆளுக்கு மூன்று பச்சைப் பொட்டு ஸ்டிக்கர், பிடித்த வரைபடத்தில் ஒட்ட வேண்டும். எங்கள் தெரு திரண்டு வந்திருந்தது. சைகமோரிலிருந்து ஒருவர்கூட இல்லை. "சொல்லியாச்சு, வராதது அவங்க இஷ்டம்" என்றார் கிரீர். நீலம் முழுக்கப் பச்சையானது. என் மூன்று பொட்டையும் அதில்தான் ஒட்டினேன்.

மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மறக்கல. தினமும் குதிகால்ல இடிச்சுகிட்டேதானே இருந்துச்சு அந்தக் கட்டு?

பிப்ரவரி 4, செவ்வாய்

சரக்கு ரயில் கிராசிங்கில் முப்பத்தைந்து நிமிடம் நின்றது. காலி பஸ்ஸில் காத்திருந்தேன். பெரிய வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு வேகனுக்கு நடுவே நுழைந்து அந்தப் பக்கம் குதித்தார்கள். ரயில் ஒரு குலுக்குக் குலுக்கியது. ஹாரனை அழுத்திப் பிடித்தேன்.

சைகமோரிலிருந்து புதுப் பள்ளி ஒன்றரை மைலுக்குள். ஒன்றரை மைலுக்குள் பஸ் கிடையாது, நடக்க வேண்டும். இந்த வழியாகத்தான். என் பின்னால் உட்கார்ந்து வரும் நயேலிக்கு ஆறு வயது, கோட்டு ஜிப்பைக்கூட நான்தான் போட்டுவிடுகிறேன். பன்னிரண்டு பேரில் இந்தக் கிராசிங்கைத் தினமும் பார்க்கிறவள் நான் ஒருத்தி. தெரிஞ்சுதானே ஒட்டினேன்?

பிப்ரவரி 7, வெள்ளி

இருக்கைக்கு அடியிலிருந்து நோட்டீஸ் கட்டை எடுத்து எண்ணினேன். நாற்பதும் அப்படியே.

பிப்ரவரி 11, செவ்வாய்

பள்ளி வாரியத்தின் முன் ஆளுக்கு மூன்று நிமிடம். நோட்டீஸ் கட்டை மேசைமேல் வைத்தேன். "இதை நான் குடுக்கல. அதனாலதான் அவங்க வரல" என்றேன். ரயிலைச் சொன்னேன்.

முடிவைத் தள்ளிவைத்துவிட்டார்கள். சனிக்கிழமை சைகமோரிலேயே ஒரு கூட்டம். நான் இனி குழுவில் இல்லை. வாசலில் பக்கத்து வீட்டு டெனீஸ் மறித்தாள்: "பெத்த பொண்ணையே தூக்கிக் குடுத்துட்டியேடி!"

டெஸ்ஸாவிடம் நானே சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிப்ரவரி 15, சனி

நேற்று நாற்பது நோட்டீஸிலும் தேதியையும் இடத்தையும் திருத்தி வீடு வீடாகக் கொடுத்தேன். இன்று அவர்களுடைய பொதுத் துணி துவைக்கும் அறையில் நிற்க இடமில்லை. ஆரஞ்சுதான் உங்களுக்கு நல்லது, பிள்ளைகள் தண்டவாளம் தாண்ட வேண்டியதில்லை என்றேன். நயேலியின் அம்மா யதீரா எழுந்தாள். கோழி இறைச்சி ஆலையில் வேலை, ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"முதல்ல எங்ககிட்ட சொல்லாமலே முடிவு பண்ணீங்க. இப்ப எங்களுக்கு எது நல்லதுன்னும் நீங்களே முடிவு பண்றீங்களா? பழைய ஸ்கூல்ல மழை பெஞ்சா கிளாசுக்குள்ள பக்கெட் வைக்கிறாங்க. புது ஸ்கூல் எங்க பிள்ளைங்களுக்கும் வேணும். பஸ் விடுங்க, மேம்பாலம் சுத்திப் போகட்டும். இது ஒருத்தருக்கும் தோணலையா?"

தோன்றவில்லை. பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும்.

பொட்டுகளை அவர்கள் எந்த வரைபடத்துக்கும் ஓட்டாக ஒட்டவில்லை. நீலத்தை மேசையில் விரித்து, சைகமோர் வாசலிலிருந்து மேம்பாலம் வழியாகப் புதுப் பள்ளிவரை வரிசையாக ஒட்டினார்கள். பஸ் போக வேண்டிய பாதை.

மார்ச் 11, செவ்வாய்

வாரியத்தில் நான்குக்கு மூன்று ஓட்டு. நீலம், ஆனால் பஸ்ஸோடு. டெஸ்ஸா இருந்த இடத்திலேயே இருக்கிறாள். "எப்படியோ நல்லபடியா முடிஞ்சுதே" என்றாள் டெனீஸ். எனக்குக் கூசியது.

புது வழித்தடத்தை நான் கேட்டு வாங்கினேன். ஆகஸ்டிலிருந்து காலை ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும். டெஸ்ஸா இனித் தானே எழுந்து, தானே கதவைப் பூட்டிக்கொண்டு போவாள். "பரவால்லம்மா" என்றாள். பரவாயில்லையா என்று எனக்குத்தான் தெரியவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

முதல் நாள். அலுவலகத்தில் மதிய உணவுப் படிவம் ஒரு கட்டு கொடுத்தார்கள். சைகமோரில் ஏற ஏற ஒவ்வொரு பிள்ளை கையிலும் கொடுத்தேன். மேம்பாலத்தில் ஏறும்போது கீழே கிராசிங்கில் ரயில் நின்றிருந்தது. பிள்ளைகள் வேகன்களை எண்ணினார்கள்.

அதற்கு முன், சைகமோரில் கிளம்பும்போது, யதீரா பஸ் படிக்கட்டுவரை வந்திருந்தாள். வணக்கம் சொல்லவில்லை.

"சாயங்காலம் எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விடுவீங்க?"

"மூணு நாப்பது."

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் நயேலியின் கையை விட்டாள்.