சீனி வருத்தம் என்று சொன்ன பொய்

தங்கச்சி,

இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டு இன்னும் கதிரையில் தொங்குகிறது. திருப்பிக் கொடுக்க வேண்டும். பெட்டிக்குள் பூச்சி வராமல் போடுகிற அந்த வெள்ளை உருண்டையின் மணம் அதிலிருந்து வீடெல்லாம் வருகிறது. உன் சேலைப் பெட்டியைத் திறந்தால் வருகிற அதே மணம். அதனால்தான் இந்தக் கொப்பியை எடுத்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, கோணல் மாணலாகத்தான் இருக்கும். ஆனால் இதை உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நீ இடுப்பில் தூக்கித் திரிந்த சுகன்யா, என் மூத்த பேத்தி, டொக்டராகிவிட்டாள் என்பது உனக்குத் தெரியும். நீ கண்ணை மூடி ஒரு மாரி கழிவதற்குள் அடுத்த படிப்புக்கும் கேட்டிருக்கிறாள். மனநோய், மனவருத்தம் பார்க்கிற படிப்பு. வெளிநாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் இந்த வருடம்தான் புதிதாகத் தொடங்குகிறார்களாம். முந்தநாள் பின்னேரம் அதற்கு இன்டர்வியூ. எங்கும் போகத் தேவையில்லை, லப்டொப்பில் முகம் பார்த்துக் கேட்பார்கள் என்றாள்.

"புதுப் பள்ளிக்கூடமா? வாத்திமாராவது இருக்கிறாங்களா புள்ள?"

"இருக்கிறாங்க அம்மம்மா. மூத்த ஆக்கள்தான் இல்ல. நாங்கதான் முதல் ஆக்கள்."

"அப்ப உங்களை வச்சுத்தான் அவங்களும் படிக்கப் போறாங்க."

"இதை இன்டர்வியூ நேரம் வந்து சொல்லிப் போடாதீங்க."

நம்மில் ஒருத்தி ஒரு படிப்புக்கே முதல் ஆளாகப் போகிறாள் என்ற சந்தோசப் புளுகத்தில் எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆனால் அதற்கு முதல் நாள் அவள் என் பக்கத்தில் வந்து இருந்து ஒன்று கேட்டாள். "ஏன் இந்தப் படிப்பு எண்டு கட்டாயம் கேப்பாங்க. சின்னம்மம்மாவப் பத்திச் சொல்லலாமா? நீங்க வேணாமெண்டா சொல்லமாட்டன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பிப் போய்விட்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். பதினெட்டு வயதில் நீ சுவரோடு கதைக்கத் தொடங்கியபோது பேய் பிடித்தது என்று நூல் கட்டினோம், கழிப்புக் கழித்தோம். கடைசியில் பட்டினத்துக் கிளினிக்கில் கொடுத்த குளிசைதான் உன்னை மறுபடி எங்களோடு கதைக்க வைத்தது. மாதம் ஒருநாள் நீயும் நானும் நம் ஊர் தேற்றாத்தீவிலிருந்து பஸ் ஏறுவோம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒரே பதில்தான் சொன்னேன். தங்கச்சிக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. நம்மிடம் குடிவம்சம் தாய் வழியில்தானே வருகிறது. உனக்கு விசர் என்றால் அது என் மகளின் குடிக்கும் விசர் என்றுதான் கலியாணம் பேச வருகிறவர்கள் எடுப்பார்கள். அந்தப் பயம்.

பொய் சொன்னது நான். அனுபவித்தது நீ. எந்த வீட்டுக்குப் போனாலும் உனக்கு வெறும் சாயத் தேத்தண்ணி. கலியாண வீட்டில் எல்லாருக்கும் பலகாரத் தட்டு வரும், உனக்கு மட்டும் தனியாக ஒரு பிளேன்டீ. "இந்தாகா, உனக்கெண்டே சீனி போடாம ஊத்தின" என்று அன்பாகத் தருவார்கள். நீயும் முகம் கோணாமல் குடிப்பாய். ஒருநாள் திரும்பி வரும்போது வழியில் நின்று சொன்னாய்: "அக்கா, எனக்கு மூளையிலதான் வருத்தம். உன்ட வாயால அது நாக்குக்கும் வந்திட்டு." நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அன்றைக்காவது ஊருக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்போது சுகன்யாவின் தங்கைக்கு வெல்லாவெளிப் பக்கம் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம். மறுபடியும் அதே பயம்தான்.

முந்தநாள் கோழிகளை வேளைக்கே அடைத்தேன். கோயிலடிக்குப் போய் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். "உன்ட பேத்திக்காக அம்மாள் பாட்டில்லாம இருக்கணுமா?" என்று பூசாரி கேட்டார், ஆனாலும் குறைத்தார். சுகன்யா மேலே கோட்டும் கீழே வீட்டுப் பாவாடையுமாக மேசையில் இருந்தாள். இடுப்புக்குக் கீழே அவர்களுக்குத் தெரியாதாம். நான் கமராவில் விழாமல் கதவு நிலையோடு நின்றேன்.

திரையில் மூன்று பேர். நடுவில் நரைத்த தலை, கண்ணாடி போட்ட ஒரு பெண். எல்லாம் இங்கிலீசு. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, சுகன்யாவின் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆற்றுத் தண்ணீர் போல ஓடிய குரல் ஒரு கேள்விக்குப் பிறகு நின்றது. ஏன் இந்தப் படிப்பு என்றதற்கு, தனக்கு நெருங்கிய ஒருவருக்கு இந்த வருத்தம் இருந்தது என்று பட்டும் படாமலும் சொன்னாளாம். அது யார் என்று அந்தப் பெண் கேட்டாராம். சுகன்யா திரும்பி என்னைப் பார்த்தாள்.

அவள் முகத்தில் என் வாய் இருந்தது தங்கச்சி. இத்தனை வருடம் நான் மூடி வைத்த அதே மாதிரி மூடிய வாய்.

கதிரையை இழுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் இருந்தேன். திரையில் என் முகமும் வந்தது. "சொல்லு புள்ள," என்றேன். "என்ட கூடப்பிறந்தவள் எண்டு சொல்லு. நான் பொய் சொன்னதையும் சொல்லு."

அவள் சொன்னாள். அந்த இங்கிலீசுக்குள்ளே ஒரு இடத்தில் 'தேற்றாத்தீவு' என்று கேட்டது. அது மட்டும் எனக்கு விளங்கியது. வெறும் சாயக் கதைக்குத்தானாம் மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்த்துத் தலை குனிந்தார். நானும் குனிந்தேன். உனக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

முடிவு வர நாளாகுமாம். கிடைக்கும் என்று என் மனம் சொல்கிறது.

இன்று காலை பக்கத்து வளவுப் பரமேஸ்வரி வேலியடியில் நின்று கேட்டாள்: "என்னகா, பேத்தி என்ன படிக்கப் போறா?"

"மனவருத்தத்துக்குப் பாக்கிற படிப்புகா. என்ட தங்கச்சிக்கு அந்த வருத்தம்தான் இருந்த. சீனி இல்ல."

சொல்லிவிட்டேன். பரமேஸ்வரி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெளிநாட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வந்த அவளுடைய மகள் இரண்டு மாதமாக வெளியே வருவதில்லை. அல்சர் என்று பரமேஸ்வரி எங்களுக்குச் சொல்லியிருந்தாள்.

"அல்சர் இல்லகா," என்றாள் மெதுவாக. "கதைக்கிறாளுமில்ல, தின்னுறாளுமில்ல."

சுகன்யாவைக் கூப்பிட்டேன். மூவரும் போனோம். சுகன்யா அறைக்குள்ளே போய் அந்தப் பிள்ளையின் பாயில் இருந்தாள். நானும் பரமேஸ்வரியும் குசினியில், அடுப்படியில் இருந்தோம். உள்ளிருந்து சுகன்யாவின் குரல். நெடுநேரம் கழித்து, மெல்ல, இன்னொரு குரல்.

பரமேஸ்வரி என் கையைப் பிடித்தாள். "உங்கட தங்கச்சிக்கு எப்பிடிகா தொடங்கின?"

உன் வருத்தத்தைப் பற்றி ஊரில் ஒருத்தி என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அடி நுனி விடாமல் சொன்னேன்.