கதவிடுக்கில் மூன்று பேரீச்சம்பழம்

ஹஜிபா,

"உன் பதக்கம்தான் உனக்கு வந்துடுச்சே, இன்னும் என்னடி கோபம்?" என்று கேட்டு எழுதியிருந்தாய். வந்தது. ஆறு வருஷம் கழித்து, கூரியர் பொட்டலத்தில். பந்தயத்தன்று நீ கொடுத்து, அவர்கள் பாதுகாத்து வைத்திருந்த சிறுநீரை இப்போது மறுபடி சோதித்து ஊக்கமருந்தைக் கண்டுபிடித்தார்கள். நான்காவதாக ஓடி வந்த நான் மூன்றாவது ஆகிவிட்டேன்.

அந்த ரமலான் உனக்கு மறந்திருக்காது. பயிற்சிக்காக இஃப்ரானில் நாம் சேர்ந்து குடியிருந்த இந்த வீட்டுக்கு, நம் இருவரையும் சோதிக்க, ஊக்கமருந்துச் சோதனைக்காரர் மத்தியானமே வந்துவிட்டார். "கெனிஃப்ராவுக்கு அத்தையைப் பார்க்கப் போயிட்டாள்னு சொல்லுடி, உன் கால்ல விழறேன்" என்று அறைக்குள் புகுந்துகொண்டாய். சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய்.

நோன்பு வைத்த உடம்பு, எனக்குச் சொட்டுச் சிறுநீர்கூட வரவில்லை. குப்பி நிறையாமல் போகமாட்டேன் என்று அவர் சூரியன் மறையும் மக்ரிப் நேரம் வரை உட்கார்ந்திருந்தார். பாங்கு கேட்டதும் அவருக்கும் ஹரீரா சூப் ஊற்றினேன். அவர் கை கழுவப் போன நேரத்தில் உனக்குக் கதவிடுக்கில் மூன்று பேரீச்சம்பழம் நீட்டினேன்.

திரும்பி வந்தவர், "உள்ள யாராவது இருக்காங்களாம்மா?" என்றார். நான் அந்தக் கதவை மறைத்து நின்று, சிரித்துக்கொண்டே, நோன்பு திறந்த வாயாலேயே இல்லை என்றேன்.

அடுத்த மாதம் அந்தப் பந்தயத்தில் நீ என்னை முந்தினாய்.

நேற்று நிருபர் ஒருவர் வந்தார். "நேர்மை ஜெயிச்சிடுச்சு மேடம்!" என்று பதக்கத்தை என் கழுத்தில் போட்டு, வெளிச்சம் நன்றாக விழுகிறதென்று உன் அறைக் கதவுக்கு முன்னால் நிற்க வைத்தார்.

சிரிக்கச் சொன்னார். சிரித்தேன்.

இப்படிக்கு,
அன்றும் அங்கேயே நின்றவள்